கம்பளியும் மயிராடையும்

மார்கழிப் பனி தருமபுரி மாவட்டத்தில் மற்ற ஊர்களைப்போல் மேலோட்டமாக வந்து போவதில்லை. வத்தல்மலை போன்ற மேட்டு ஊர்களில் அது எலும்புவரை இறங்கும். கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலிக்குப் பிள்ளைகளைப் போர்த்தி அழைத்து வருகிறோம். மறையுரை தொடங்கும் முன்பே ஒரு குழந்தை கழுத்தைச் சொறியத் தொடங்கும். "பாலன் இயேசு குளிரில் கிடக்கவில்லையா? பொறுத்துக்கொள்" என்று காதோடு சொல்லி அதன் கையை இழுத்துவிடுகிறோம். இச்சொல் பக்தியா, அறியாமையா? கம்பளியின் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்த்தபின் நமக்கு இந்த ஐயம் எழுந்தது.

திருச்சபையின் நினைவில் உறுத்தும் ஆடைக்குத் தனி இடம் உண்டு. திருமுழுக்கு யோவான் ஒட்டக மயிராலான ஆடை அணிந்திருந்தார் என்கிறது நற்செய்தி. தவத்துக்குரிய மயிராடைக்கு இலத்தீனில் 'சிலிச்சியும்' என்று பெயர். புனித பவுல் பிறந்த சிலிசியா நாட்டு ஆட்டுமயிர்த் துணியால் வந்த பெயர் அது. காண்டர்பரி பேராயர் தாமஸ் பெக்கட் 1170 டிசம்பர் 29 அன்று கொலையுண்டபின், பேராயர் உடைகளுக்குள்ளே மயிராடை இருந்ததைத் துறவியர் கண்டு திகைத்தனர். புனித தாமஸ் மூரும் இங்கிலாந்தின் உயர் பதவியில் இருந்தபோதே அதை மறைவாக அணிந்தார். அதைத் துவைத்துக் கொடுத்தவர் மகள் மார்கரெட். 1535 ஜூலை 6-இல் கொலைக்களம் செல்வதற்கு முந்திய நாள் அந்த ஆடையை மகளுக்கே அனுப்பிவைத்தார். இவர்கள் அதைத் தாமே தேர்ந்தனர். பிறர் காணாமல் அணிந்தனர். நம் குழந்தை எதையும் தேரவில்லை.

இனி நம் மண்ணின் கம்பளிக்கு வருவோம். அண்டையிலுள்ள மேச்சேரி ஆட்டின் மேல் கத்தரிப்பதற்குக் கம்பளி மயிரே இல்லை; அது இறைச்சிக்கும் தோலுக்கும் பேர்பெற்றது. கம்பளிக்கு உரியவை குறும்பர் மேய்த்து வந்த கறுத்த மயிர் ஆடுகள். மைசூர் நாட்டில் 1800-இல் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், ஆடு மேய்த்துக் கம்பளி நெய்யும் குறுபரைப் பற்றிக் குறித்திருக்கிறார். நூலுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி போட்டு நெய்வது அந்நாட்டு வழக்கம். மழை எளிதில் ஊறாத, விரித்தால் பாயாகவும் போர்த்தினால் வீடாகவும் உதவும் முரட்டுத் துணி அது. மேய்ப்பர் அதைக் கொங்காடையாக மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொள்வர். வெறும் உடம்போடு ஒட்டி அணிவதற்காக அதை நெய்யவில்லை. கம்பளியில் சோற்றைப் போட்டுவிட்டு மயிர் மயிர் என்றால் ஆகுமா என்ற பழமொழியை இங்கே கம்பளியின் பக்கம் நின்றே சொல்லலாம்.

ஏன் உறுத்துகிறது? பெரும்பாலும் ஒவ்வாமை அன்று, இழையின் பருமனே காரணம். 1980-களில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதைத் தெளிவுபடுத்தினர். ஏறத்தாழ 30 மைக்ரானுக்கு மேற்பட்ட இழைமுனை தோலில் பட்டால் வளையாமல் குத்தி நரம்பு முனையைத் தூண்டுகிறது. மெல்லிய இழை வளைந்து கொடுக்கிறது. (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) அத்தகைய பருத்த இழைகள் நூற்றுக்கு ஐந்து கலந்திருந்தாலே பலருக்கு அரிப்பு எடுக்கும். கரப்பான் உள்ள தோலுக்கு இன்னும் விரைவில் எடுக்கும். கம்பளியின் இயற்கைக் கொழுப்பாகிய லானோலின் ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு, ஆனால் அவர்கள் சிலரே.

மெல்லிழை தரும் மெரினோ ஆட்டை ஸ்பெயின் நெடுங்காலம் பிறநாட்டுக்கு விடாமல் காத்தது. அங்கே மேய்ப்பர் சங்கமாகிய மெஸ்தாவுக்கு 1273-இல் அரசுரிமை கிடைத்தது. 1786-இல் பிரான்ஸ் மன்னன் பதினாறாம் லூயி தன் ராம்புயே பண்ணைக்கு அந்த ஆடுகளை வாங்கினான். 1797-இல் அவை ஆஸ்திரேலியாவில் இறங்கின. நம் நீலகிரி ஆட்டிலும் மெரினோக் குருதி கலந்திருக்கிறது. சாந்திநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் அந்த இனத்தைப் பேணுகிறார்கள். ஆக, மென்கம்பளி அரசர்க்கும் முரட்டுக் கம்பளி மேய்ப்பர்க்கும் என்று காலம் பங்கிட்டு வைத்திருந்தது. சில வேளைகளில் அதிகாரத்தார் தம் ஆட்களையே வருத்தியதும் உண்டு. இந்தியாவிலிருந்த ஆங்கிலச் சிப்பாய்களை, காலரா வராது என்று சொல்லி, வயிற்றில் ஃபிளானல் கச்சை கட்ட வைத்தனர். 1884-இல் ராபர்ட் காக் கல்கத்தாவில் அந்நோயின் கிருமியைப் பிரித்துக் காட்டிய பின்னும் கச்சை அவிழவில்லை!

இப்போது கடைக்குப் போவோம். விலை மலிவான குளிராடைகளில் பெரும்பாலானவை ஆட்டு மயிரே இல்லாத அக்ரிலிக் இழை. அவற்றில் குத்தல் குறைவு. ஆனால் வியர்வையை உறிஞ்சாததால் உள்ளே ஈரம் தங்கி, மென்தோலில் வேறுவகை அரிப்பைத் தரும். கம்பளிதான் வேண்டுமென்றால் சீட்டில் மெரினோ என்றும் 19 மைக்ரானுக்குக் குறைவு என்றும் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். விலை கூடுதல்தான், மறுப்பதற்கில்லை. கையால் தடவிப் பார்ப்பது போதாது, உள்ளங்கைத் தோல் தடித்தது. கழுத்தோரத்திலோ முழங்கையின் உள்மடிப்பிலோ வைத்துப் பார்க்கவேண்டும். வாங்க இயலாத வீட்டுக்குத் திருப்பூர்ப் பருத்திப் பின்னல் போதும்: கழுத்தை மூடும் முழுக்கைச் சட்டை ஒன்று உள்ளே, பழைய கம்பளிச் சட்டை வெளியே. புதிய துணியை ஒருமுறை அலசி, சோப்பு முற்றும் போக நீர் மாற்றிக் காயவைத்தபின் அணிவிக்கலாம்.

தாமஸ் மூரின் மயிராடை இன்று இங்கிலாந்தின் பக்ஃபாஸ்ட் துறவு மடத்தில் இருக்கிறது. அடுத்த நள்ளிரவுத் திருப்பலியில் நம் இருக்கையில் ஒரு குழந்தை கழுத்தைச் சொறிந்தால், கையை இழுத்துவிடுமுன் அதன் சட்டைக்குள்ளே என்ன இருக்கிறதென்று பார்ப்பதாக நாம் எண்ணியிருக்கிறோம்.