இராவுத்தர்: பெயரும் குடியும்

தென்னூரில் ஒரே வீட்டுப் பெட்டிக்குள் இரண்டு தாள்களைக் காணலாம். ஒன்று பாட்டனார் காலத்துத் திருமண அழைப்பிதழ். பெயர்களுக்குப் பின்னே ‘இராவுத்தர்’ என்று அச்சாகியிருக்கும். மற்றொன்று பேரப்பிள்ளையின் சாதிச் சான்றிதழ்; அதில் ‘லெப்பை’ என்றிருக்கும். பாட்டனார் இராவுத்தராகவும் பேரன் லெப்பையாகவும் ஆனது எவ்வாறு? பிள்ளைகள் கேட்கும் இக்கேள்விக்கு நாம் பெரும்பாலும் சிரித்தே விடையிறுத்து வந்திருக்கிறோம்.

இராவுத்தர் என்பது குதிரை வீரரைக் குறித்த சொல். அது முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. 15ஆம் நூற்றாண்டினரான அருணகிரிநாதர், மயிலேறும் முருகனையே இராவுத்தன் என்று விளித்தார். மராட்டியத்தில் ‘ராவுத்’ இன்றும் இந்துக் குடும்பப் பெயராக வழங்குகிறது. ஆகவே இப்பெயர் மார்க்கத்தால் வந்ததன்று, தொழிலால் வந்தது.

தமிழகத்தில் அத்தொழிலுக்குத் தேவை மிகுந்திருந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, இந்நாட்டு மன்னர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளைக் கடல்வழியே வாங்கியதையும், பேணத் தெரிந்தவர் இன்மையால் அவை மாண்டதையும் குறித்துள்ளார். குதிரையை அறிந்தவருக்கு மதிப்பு கிடைத்ததில் வியப்பில்லை. எனினும், நம் முன்னோர் அனைவரும் துருக்கியிலிருந்து குதிரையேறி வந்தவர்களே என்று சில குடும்பங்களில் பெருமையோடு சொல்வதை நாம் அப்படியே ஏற்பதற்கில்லை. வந்தவர் சிலர், இங்கிருந்தே இஸ்லாத்தைத் தழுவியவர் பலர். திருச்சியில் அடங்கியிருக்கும் நத்தர்வலி அவர்களின் கரம்பற்றி மார்க்கத்துக்கு வந்ததாகவே இப்பகுதி இராவுத்தர்களின் மரபு கூறுகிறது. வீட்டில் ‘அத்தா’ என்று அழைக்கும் தமிழும், மாமன் மகளை மணக்கும் வழக்கமும் இந்த மண்ணின் சொத்துக்களல்லவா?

அந்தத் தர்காவிலேயே சந்தா சாகிபும், 1795இல் மறைந்த நவாப் முஹம்மது அலி வாலாஜாவும் அடக்கமாகியுள்ளனர். நவாபுகளின் காலத்தில் உருது பேசும் தக்கணி மக்களும் திருச்சியில் பெருகினர். தமிழும் உருதும் அடுத்தடுத்த தெருக்களில் ஒலிப்பது இதனால்தான்.

இனி லெப்பைக்கு வருவோம். நம் ஊர்களில் லெப்பை என்றால் குர்ஆன் ஓதிக் கொடுத்துப் பள்ளிவாசலில் பணி செய்பவர். அது ஒரு பதவியின் பெயர். ஆங்கிலேயர் காலக் குடிக்கணக்கோ தமிழ் பேசும் முஸ்லிம்களில் பலரை அந்த ஒரே தலைப்பின்கீழ் அடக்கிவிட்டது. தமிழக அரசின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலும் இராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பைகள் என்றே எழுதுகிறது. 2007இல் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு வந்தபோதும் அத்தலைப்பு மாறவில்லை. கல்லூரி இடம் அதைக்கொண்டு கிடைப்பதால் யாரும் வழக்காடுவதில்லை. 1951இல் எழுந்த ஜமால் முஹம்மது கல்லூரியின் நிறுவனருள் ஒருவர் காஜாமியான் இராவுத்தர். இன்றைய பிள்ளைகளின் பெயர்களிலோ அப்பட்டம் அருகிவிட்டது.

அப்படியானால் இராவுத்தர் ஒரு சாதியா? பல்லாவரத்து முஸ்லிம் வணிகரை ஆராய்ந்து 1972இல் நூல் வெளியிட்ட அமெரிக்க மானிடவியலாளர் மாட்டிசன் மைன்ஸ், இராவுத்தர், லெப்பை, மரைக்காயர், காயலர் என்னும் பிரிவுகள் சாதிகளைப் போல மேல்கீழாக அடுக்கப்பட்டவை அல்ல என்று கண்டார். நேபாளத்து நேவார் மக்களோடு ஒப்பிட்டால் இது விளங்கும். அவர்களிடையே இறந்தவரை எடுத்துச் செல்லும் கடமையைக்கூடக் ‘குதி’ என்னும் சங்கம் ஏற்கிறது. அச்சங்கங்கள் பெரும்பாலும் சாதிக்குள்ளேயே அமைந்தவை. நம்மிடம் அக்கடமை மஹல்லா ஜமாஅத்தைச் சேர்ந்தது. சந்தா செலுத்தும் குடும்பம் இராவுத்தரா, வேறொருவரா என்று பாராமல் ஜமாஅத் சந்தூக்கை அனுப்புகிறது. நிக்காஹைப் பதிவேட்டில் எழுதுகிறது.

இதைச் சொல்லும்போதே நம் மனம் உறுத்துகிறது. இராவுத்தர் ஹனஃபி, மரைக்காயர் ஷாஃபி. ஆதலால் சம்பந்தம் குறைவு என்று சமாதானம் கூறலாம். முடிதிருத்தும் தொழில் செய்த முஸ்லிம் குடும்பங்களின் நிலைக்கு அந்தச் சமாதானமும் பொருந்தாது. அவர்களும் ஹனஃபிகளே; தமிழர்களே; ஜும்ஆவில் நம் தோளோடு தோள் நிற்பவர்களே. அவர்கள் வீட்டுப் பிள்ளைக்குப் பெண் கேட்டு வந்தால், “நல்ல பையன்தான், ஆனால்...” என்று நம் வீடுகளில் பேச்சு பாதியில் நின்றுவிடுகிறது.