கேக்கும் புத்தாடையும் இல்லாத கிறிஸ்துமஸ்: பேராக், 1941 முதல் 1945 வரை



கிறிஸ்துமஸ் பெருநாளைப் பற்றி மாணவர்கள் எழுதும் கட்டுரைகளை நம்மில் பலரும் திருத்தியிருப்போம். அவை ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை. காலையில் எழுவார்கள், புத்தாடை அணிவார்கள், தேவாலயம் செல்வார்கள், கேக் உண்பார்கள், இறுதியில் 'மகிழ்ச்சிக்கு அளவே இல்லை' என்று முற்றுப்புள்ளி வைப்பார்கள். மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. மாதிரிக் கட்டுரை நூல்கள் அப்படித்தான் கற்பிக்கின்றன. ஆனால், இந்த அச்சுக்குள் அடங்காத கிறிஸ்துமஸ்கள் நம் பேராக் மாநிலத்திலேயே நிகழ்ந்துள்ளன. அவற்றுள் நான்கைந்தைப் பற்றியதே இக்கட்டுரை.

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் தரையிறங்கியது. அடுத்த பத்து நாள்களுக்குள் பினாங்கு கைவிடப்பட்டது. அங்கிருந்த ஐரோப்பியர்கள் இரவோடு இரவாக வெளியேற்றப்பட்டனர். உள்ளூர் மக்கள் அப்படியே விடப்பட்டனர். இந்தச் செய்தி மலாயா மக்களின் மனத்தில் ஏற்படுத்திய காயம் சிறிதன்று. டிசம்பர் பிற்பகுதியில் பிரிட்டிஷ் இந்தியப் படை பேராக் ஆற்றைக் கடந்து தெற்கே பின்வாங்கியது. ஈப்போ நகரம் ஏற்கெனவே குண்டுவீச்சுக்கு உள்ளாகியிருந்தது. கடைகள் அடைபட்டன, குடும்பங்கள் சிற்றூர்களுக்கும் தோட்டங்களுக்கும் ஓடின. டிசம்பர் 25 பிறந்தபோது பகைவர் படை ஈப்போவை நெருங்கிக்கொண்டிருந்தது. அதே நாளில் ஹாங்காங் சரணடைந்தது. டிசம்பர் 28ஆம் நாள் ஜப்பானியர் ஈப்போவுக்குள் நுழைந்தனர். இரண்டு நாள் கழித்துக் கம்பாரில் கடும்போர் மூண்டு, புத்தாண்டு பிறந்த பின்னும் நீடித்தது.

அந்தக் கிறிஸ்துமஸைக் கொண்டாட வேண்டியவர்கள் யார்? ஐரோப்பியத் துரைமார்கள் மட்டும் என்று நம் பிள்ளைகள் எண்ணிக்கொள்ளக்கூடும். அது சரியன்று. பேராக்கில் தமிழ்க் கிறிஸ்தவர்களின் வரலாறு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. பாகான் செராய் வட்டாரத்தில் கத்தோலிக்கத் தமிழர்களுக்காகப் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் அமைத்த குடியிருப்புக்குச் சூசைப்பாளையம் என்று பெயர். ஈப்போ சிலிபினில் உள்ள லூர்து மாதா ஆலயம் தமிழ்க் கத்தோலிக்கர்களின் ஆலயமாக விளங்கியது. மெதடிஸ்டு, லுத்தரன் சபைகளிலும் தமிழ் வழிபாடு நடந்தது. ரப்பர்த் தோட்ட லயங்களிலோ கிறிஸ்தவக் குடும்பங்கள் சிலவே. ஒரே நாளில் எல்லாத் தோட்டங்களுக்கும் பாதிரியார் வந்து பூசை வைக்க இயலாது. ஆகவே 'முழுமையான' கிறிஸ்துமஸ் என்பது போருக்கு முன்பும் தோட்டத்து மக்களுக்கு எளிதில் கிட்டியதன்று. மூங்கில் குச்சியும் வண்ணத்தாளும் கொண்டு செய்த நட்சத்திர விளக்கு, வீட்டில் சுட்ட முறுக்கு, அதிரசம், பக்கத்து வீட்டு இந்துக் குடும்பத்துக்குத் தட்டில் போகும் பலகாரம் ஆகியவையே பெருநாளின் அடையாளங்கள். தீபாவளிக்கு வந்த தட்டு திரும்பிச் செல்லும் நாள் அது என்றும் சொல்லலாம்!

ஒன்றை இங்கே நினைவுகூர வேண்டும். விவிலியம் கூறும் முதல் கிறிஸ்துமஸே குறைகள் மலிந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக அலைக்கழிக்கப்பட்ட ஒரு கருவுற்ற பெண், விடுதியில் இடமின்மை, மாட்டுத்தீவனத் தொட்டியில் குழந்தை, பின்னர் அரசனின் வாளுக்கு அஞ்சி எகிப்துக்கு ஓட்டம். வாழ்த்து அட்டைகளில் பனியும் ஒளியும் மிகுந்துவிட்டதால் இந்த அச்சமும் அலைச்சலும் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. 1941இல் ஈப்போவை விட்டு மூட்டை முடிச்சுடன் ஓடியவர்களுக்கு அவை நன்றாகவே தெரிந்திருக்கும்.

அவ்வாறு ஈப்போவை விட்டுப் பாப்பான் என்னும் சிற்றூருக்குச் சென்ற குடும்பங்களுள் ஒன்று மருத்துவர் காத்திகேசுவின் குடும்பம். அவர் தைப்பிங்கைச் சேர்ந்த இலங்கைத் தமிழர். அவருடைய துணைவியார் சிபில், 1899 செப்டம்பர் 3இல் சுமத்ராவின் மேடான் நகரில் பிறந்த யூரேசியப் பெண்மணி. பயிற்சி பெற்ற தாதி, மருத்துவச்சி. ஆழ்ந்த கத்தோலிக்கப் பற்றாளர். 1919 ஜனவரியில் கோலாலம்பூரில் இவர்கள் திருமணம் செய்துகொண்டனர். அதே ஆண்டில் பிறந்த முதல் மகன் ஒரு நாள்கூட முழுதாக வாழவில்லை. பின்னர் வில்லியம் என்ற ஆண்பிள்ளையைத் தத்தெடுத்தனர். ஒல்கா, டான் என்று இரு பெண்மக்களும் பிறந்தனர். 1926 முதல் ஈப்போ புருவ்ஸ்டர் சாலையில் இவர்களின் மருந்தகம் இயங்கியது. சிபில் கண்டோனிய மொழியைச் சரளமாகப் பேசுவார். ஈயச் சுரங்க வட்டாரமான கிந்தாவில் ஒரு மருத்துவச்சிக்கு அது எத்துணைப் பெரிய துணை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பாப்பானில் முதன்மைச் சாலையின் 74ஆம் எண் கடைவீட்டில் சிபில் மருந்தகம் நடத்தினார். பகலில் ஊர்மக்கள் வந்தனர். இரவில் காட்டிலிருந்து ஜப்பானிய எதிர்ப்புப் படையினர் வந்தனர். காயம்பட்டவர் எவராயினும் மருந்திட்டார். பிறர் அறியாமல் சிற்றலை வானொலிப் பெட்டியை வைத்து பி.பி.சி. கேட்டார், கேட்டதை நம்பத்தக்கவர்களிடம் சொன்னார். இது உயிருக்கே உலை வைக்கும் செயல் என்பதை அவர் நன்கு அறிவார்.

1942 டிசம்பரை எண்ணிப் பாருங்கள். ஊரெங்கும் மரவள்ளிக்கிழங்கு. கையில் புழங்கியது வாழைமரப் படம் போட்ட ஜப்பான் காசு. துணியில்லை, சர்க்கரையில்லை. கேக்குக்கு எங்கே போவது? ஆனால் அந்த ஆண்டின் இறுதி வாரங்களில் பி.பி.சி. ஒலிபரப்பிய செய்திகள் எவை? எல் அலமைனில் ஜெர்மானியப் படை தோற்றது. ஸ்டாலின்கிராடில் மற்றொரு ஜெர்மானியப் படை சுற்றி வளைக்கப்பட்டது. கத்தோலிக்கத் தமிழில் சுவிசேஷத்தை 'நற்செய்தி' என்பர். படிக்கட்டின் அடியில் ஒளித்துவைத்த பெட்டியிலிருந்து தாழ்ந்த குரலில் வந்த அச்செய்திகளும் கேட்டவர்களுக்கு அப்பெயருக்கு உரியனவாகவே இருந்திருக்கும் என்று கருதுகிறேன். அந்தப் பெருநாளில் மகிழ்ச்சி இருந்ததா என்று கேட்டால், இருந்தது என்பேன். அது வாய்விட்டுச் சொல்ல முடியாத மகிழ்ச்சி.

1943 ஆகஸ்டில் சிபில் கைது செய்யப்பட்டார். கணவரும் வில்லியமும் பிடிபட்டனர். ஈப்போவில் கெம்பெய்தாய் எனப்படும் ஜப்பானிய இராணுவக் காவல்துறையினர் அவரை வதைத்த விவரங்களை அவரே தம் நூலில் எழுதியுள்ளார். அவற்றை இங்கே விரித்துரைக்க நான் விரும்பவில்லை. சிறுவர்களுக்கு விரித்துரைக்கவும் வேண்டா. ஒன்றை மட்டும் சொல்லாமல் விட முடியாது. சிறுமியான இளைய மகள் டானை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, காட்டுப்படையினரைப் பற்றிய உண்மையைச் சொல்லாவிட்டால் குழந்தையை எரிப்போம் என்று தாயை மிரட்டினர். தாய் காட்டிக்கொடுக்கவில்லை. அங்கு வந்த ஜப்பானிய அதிகாரி ஒருவர் தலையிட்டுக் குழந்தையை விடுவித்தார். இந்த அதிகாரியை விட்டுவிட்டுக் கதை சொல்வோர் உண்டு. நான் அவ்வாறு சொல்வதில்லை. ஓர் இனத்தையே வெறுக்கக் கற்பிப்பதற்கு வரலாற்றுப் பாடம் தேவையில்லை. அதற்குத் தெருப்பேச்சே போதும்.

சிபிலுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. பத்து காஜா சிறையில் அடைக்கப்பட்டார். 1943, 1944 ஆகிய இரு ஆண்டுகளின் கிறிஸ்துமஸ் நாள்களும் அவருக்குச் சிறைச்சுவர்களுக்குள் கழிந்தன. கால்கள் செயலிழந்தன. பாட்டில்லை, பூசையில்லை, பிள்ளைகள் அருகில் இல்லை. எஞ்சியிருந்தது இறைவேண்டல் ஒன்றே. அவர் நூலைப் படிப்பவர்கள் அதன் பக்கங்கள்தோறும் வேண்டுதல் ஊடும் பாவுமாய் ஓடுவதைக் காண்பார்கள். நம்பிக்கை அவருக்கு வலியைக் குறைத்ததா என்பதில் எனக்கு ஐயமுண்டு. வலியை அவர் மிகத் தெளிவாகவே எழுதுகிறார். பிறர் பெயரைச் சொல்லித் தப்பிக்கும் வாசலை அந்நம்பிக்கை அடைத்துவிட்டது என்பது மட்டும் உறுதி.

இதே காலத்தில் சிங்கப்பூர் சாங்கியில் போர்க்கைதியாய் இருந்த ஸ்டான்லி வாரன் என்னும் ஆங்கிலேயப் படைவீரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சீதபேதியாலும் சிறுநீரக நோயாலும் நலிந்து முகாம் மருத்துவமனையில் கிடந்த அவரை, அங்கிருந்த சிற்றாலயத்தின் சுவர்களில் படம் தீட்டுமாறு கேட்டுக்கொண்டனர். வண்ணம் ஏது? சக கைதிகள் திருடியும் தேடியும் கொண்டுவந்த பழுப்பு, வெள்ளை, சிவப்புச் சாயங்கள். நீலத்துக்குப் பில்லியர்ட்ஸ் ஆட்டத்தில் பயன்படும் சுண்ணக்கட்டி. சிறிது நேரம் தீட்டுவார், பிறகு ஓய்வெடுப்பார். 1942 கிறிஸ்துமஸுக்குள் கிறிஸ்து பிறப்பின் காட்சி சுவரில் எழுந்துவிட்டது. நல்மனத்தோருக்கு அமைதி என்னும் பொருள்பட்ட சொற்களையும் அதில் சேர்த்தார். சிலுவைக் காட்சியை வரைந்தபோது பகைவரை மன்னிக்கும் வேண்டுதலையே எழுதினார். பின்னர் அச்சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கப்பட்டது. 1958இல் ஓவியங்கள் மீண்டும் கண்டெடுக்கப்பட்டன. 1963, 1982, 1988 ஆகிய ஆண்டுகளில் வாரனே வந்து அவற்றைச் சீரமைத்தார்.

சிபிலுக்கு ஒரு நூல் இருக்கிறது. வாரனுக்கு ஒரு சுவர் இருக்கிறது. தோட்டத்துத் தமிழனுக்கு என்ன இருக்கிறது?

ரப்பருக்குச் சந்தை இல்லாமற்போனதால் பால்மரம் சீவும் வேலை நின்றது. சோறும் சம்பளமும் கிடைக்கும் என்ற ஆசை வார்த்தையாலும், பிற்பாடு நேரடிக் கட்டாயத்தாலும் பல்லாயிரம் தமிழர்கள் சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. அங்கே இறந்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் 12,000க்கும் மேற்பட்டோர். காஞ்சனாபுரி போர்க் கல்லறையில் மட்டும் ஏறத்தாழ 7,000 பேரின் அடக்கங்கள் உள்ளன. பெரும்பாலானவற்றில் பெயரும் உண்டு. தமிழர்களின் இறப்புக்கு உறுதியான கணக்கே கிடையாது. பெயர் பொறித்த கல்லும் கிடையாது. கணவனோ மகனோ சயாமுக்குப் போய்த் திரும்பாத லயத்து வீட்டில் 1943 டிசம்பர் எப்படிக் கழிந்திருக்கும்? தீபாவளி கொண்டாடும் வீடாயினும் கிறிஸ்துமஸ் கொண்டாடும் வீடாயினும் அடுப்பு ஒன்றுதான், கிழங்கும் ஒன்றுதான். நம் பள்ளிகளின் பிள்ளைகளில் பலர் அவ்வீடுகளின் கொள்ளுப்பேரர்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் வீட்டுமனைகளாகியும் போனபின், அந்நினைவுகளைச் சொல்வதற்கு இடமும் குறைந்துவிட்டது. பெற்றோர்களே, உங்கள் வீட்டு மூத்தவர்கள் தங்கள் பெற்றோரிடம் கேட்டறிந்த 'ஜப்பான்காரன் காலத்து'க் கதைகள் ஏதேனும் இருப்பின், எழுதி வையுங்கள். பெயர்களோடு எழுதுங்கள்.

போர் முடிந்ததும் சிபில் விடுவிக்கப்பட்டு மருத்துவத்துக்காக இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அங்குதான் தம் நினைவுகளை எழுதினார். 1947இல் அவருக்கு ஜார்ஜ் பதக்கம் வழங்கப்பட்டது. தாடையில் பூட்ஸ் காலால் உதைபட்ட பழைய காயம் மீண்டும் சீழ்ப்பிடித்து, 1948 ஜூன் 12இல், 48ஆம் வயதில் மறைந்தார். நான்கு நாள் கழித்து, ஜூன் 16இல், நம் சுங்கை சிப்புட்டில் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக்கொல்லப்பட, அவசரகாலம் தொடங்கியது. அதற்குக் காரணமான கம்யூனிஸ்டுகள் வேறு யாருமல்லர். பாப்பானில் சிபில் மருந்திட்ட அந்தக் காட்டுப்படையின் தொடர்ச்சியே ஆவர். 1954இல் அவர் நூல் வெளிவந்தபோது அவர்களைப் பற்றி நல்ல சொல் பேசுவதே அச்சத்துக்குரியதாய் இருந்தது. இவ்வளவு பெரிய வீராங்கனை நம் பாடநூல்களில் நெடுங்காலம் ஓரத்தில் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

1949 மார்ச்சில் அவரது உடல் ஸ்காட்லாந்திலிருந்து ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு, புனித மைக்கேல் ஆலயத்தை அடுத்த கத்தோலிக்கக் கல்லறையில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டது. எல்லா இனத்தவரும் ஊர்வலத்தில் திரண்டனர். ஈப்போ ஃபேர் பார்க்கில் ஒரு சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கிந்தா வட்டாரப் பள்ளிகள் கல்விச் சுற்றுலாவுக்கு இடம் தேடினால் இவற்றை ஒரே நாளில் பார்க்கலாம்: காலையில் ஈப்போவில் கல்லறை, பிறகு பத்து காஜா, அங்கிருந்து பாப்பான். பாப்பானின் கடைவரிசையில் பல வீடுகள் இடிந்து செடிகொடி மண்டிக் கிடக்கின்றன. 74ஆம் எண் வீடு மட்டும் சிபிலின் நினைவாகப் பேணப்பட்டு வருகிறது. எந்நேரமும் திறந்திருக்கும் இடமன்று. முன்கூட்டியே கேட்டறிந்து செல்வது நலம். உள்ளே படிக்கட்டின் அடியில் வானொலியை ஒளித்துவைத்த குழி இருக்கிறது. பிள்ளைகளைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள்.