பெருந்தொற்றுக் காலத்தில் பன்னாட்டு வணிகக் கல்வி

எல்லை தாண்டிய வணிகத்தைத் தனிப் படிப்பாகக் கற்பிக்கும் வழக்கம் இந்தியாவில் 1963-இல் வேர்கொண்டது. அந்நியச் செலாவணிக்கு நாடு தவித்த அந்தக் காலத்தில் மத்திய அரசு டில்லியில் இந்திய வெளிநாட்டு வர்த்தக நிறுவனத்தைத் தொடங்கியது. மாணவர்கள் அதை ஐ.ஐ.எஃப்.டி. என்றே அறிவார்கள். 1999-இல் உலக வர்த்தக அமைப்பு பற்றிய ஆய்வு மையம் அதனுள் அமைந்தது. 2002-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதியும் 2006-இல் கொல்கத்தா வளாகமும் வந்தன. அமெரிக்காவிலோ 1988-ஆம் ஆண்டின் வர்த்தகச் சட்டம் பல்கலைக்கழகங்களுக்குள்ளேயே பன்னாட்டு வணிகக் கல்வி மையங்கள் உருவாக வழிவகுத்தது. வாணிபத்தில் நாடு பின்தங்கிவிடக் கூடாதே என்ற கவலைதான் இரண்டுக்கும் விதை. அயல்நாட்டில் ஒரு பருவம் படிப்பதும் மாணவர் பரிமாற்றமும் இக்கல்வியின் அடையாளமானது பிற்பாடுதான்.

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்றாக அறிவித்தது. 17-ஆம் தேதி தமிழகக் கல்லூரிகள் மூடப்பட்டன, 25-ஆம் தேதி நாடே அடங்கியது. பன்னாட்டு வணிக அறிஞர்கள் அந்த ஆண்டு மயாமியில் கூட இருந்த மாநாடு இணையத்துக்கு மாறியது. விமானம் பறக்காதபோது இந்தப் படிப்பைப் போல் அடிபட்டது வேறில்லை என்பது அப்போது பரவலாக இருந்த எண்ணம். அந்த எண்ணம் சரியல்ல. அயல்நாட்டுப் பருவம் எப்போதுமே சிலருக்குத்தான் கிட்டியது. தொலைவைத் திரை வழியே கடக்கும் முறையும் புதிதன்று. வேலை பார்ப்போருக்கான வகுப்புகளை ஐ.ஐ.எஃப்.டி. முன்பே செயற்கைக்கோள் இணைப்பில் நடத்தியிருக்கிறது. நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகம் இரு நாட்டு மாணவர்களை ஒரே இணைய வகுப்பில் சேர்க்கும் மையத்தை 2006-லேயே தொடங்கிவிட்டது. தொலைவில் இருப்பது கைக்கு எட்டியது. இந்தக் கல்வி இழந்தது பக்கத்தில் இருந்ததை.

சென்னையை அடுத்த திருவேற்காட்டை வைத்துப் பார்த்தால் இது விளங்கும். கருமாரியம்மன் கோயிலால் பெயர்பெற்ற, கூவக் கரையில் உள்ள இந்த ஊருக்கு வடக்கே ஆவடியும் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் இருக்கின்றன. தென்மேற்கே பூந்தமல்லியைத் தாண்டினால் திருமழிசை, இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர். எஸ்.ஏ. பொறியியற் கல்லூரி உள்ளிட்ட இப்பகுதிக் கல்லூரிகளில் எம்.பி.ஏ. படிப்பவருக்குப் பன்னாட்டு வணிகம் ஒரு தாள். அந்தத் தாளில் வரும் ஒவ்வொரு தலைப்பும் 2020-இல் இந்தச் சாலைகளிலேயே நடந்துகொண்டிருந்தது. சீனாவிலிருந்து வரவேண்டிய சரக்கு நின்றால் அதைத் தவிர்க்க முடியாத இடராகக் கொள்ளலாம் என்று அரசுக் கொள்முதல் ஒப்பந்தங்களுக்காக நிதி அமைச்சகம் பிப்ரவரி 19 அன்றே விளக்கியது. ஏப்ரலில் இந்தியாவின் சரக்கு ஏற்றுமதி முந்தைய ஆண்டைவிட 60 விழுக்காடு சரிந்தது. மே 8 அன்று இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலை மீண்டும் இயங்கியபோது முதல் நாளில் வெளிவந்தவை 200 கார்கள். இரண்டு நாள் கழித்து, தொற்றால் மூடப்பட்ட கோயம்பேடு காய்கறிச் சந்தை திருமழிசைக்கு வந்தது. ஒரு மாநகரின் வழங்கல் சங்கிலியைச் சில நாட்களில் எப்படி இடம் மாற்றுவது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எந்த நூலிலும் இல்லை. ஜூன் 8 அன்று இயந்திரங்களுக்கும் மின்சாதனங்களுக்கும் முகமறியாச் சுங்க மதிப்பீடு நாட்டிலேயே முதலில் சென்னையிலும் பெங்களூரிலும் தொடங்கியது. சென்னைத் துறைமுகத்தில் இறங்கும் இயந்திரத்தின் ஆவணங்களைப் பெங்களூரில் இருக்கும் அதிகாரி சரிபார்க்கலாம் என்ற நிலை வந்தது. சுங்கத்தில் சரக்கை விடுவித்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட்டின் வேலையே அதோடு மாறியது.

இவற்றை வகுப்பறைக்குக் கொண்டுவந்திருக்கலாமே என்றால், இணைப்புக் கல்லூரியின் பாடத்திட்டத்தைப் பல்கலைக்கழகம்தான் வகுக்கிறது, இடையில் மாற்ற ஆசிரியருக்கு உரிமை இல்லை என்று சொல்லலாம். உண்மைதான். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 விதிமுறைக்கு அடுத்தது 2021-இல்தான் வந்தது. ஆனால் தலைப்பை மாற்ற வேண்டியதில்லை, எடுத்துக்காட்டை மாற்றினால் போதும். இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அன்றாடச் செய்தியைத் துரத்துவது கல்வியாகாது, நிலைத்த கோட்பாடே மாணவருக்கு வேண்டும் என்பது அது. அந்தக் கோட்பாடுகள் எங்கிருந்து வந்தன என்பதே இதற்கு விடை. நிறுவனங்கள் படிப்படியாக அயல்நாட்டுக்கு விரிகின்றன என்ற உப்சாலா கோட்பாடு 1970-களில் சுவீடன் ஆய்வாளர்கள் சாண்ட்விக், அட்லஸ் காப்கோ, ஃபாசிட், வால்வோ என்ற தம் நாட்டு நிறுவனங்களைக் கவனித்ததில் பிறந்தது. அவர்கள் உற்றுப் பார்த்தது சொந்த ஊர்ப் பட்டறையை. அம்பத்தூரின் உதிரிபாகப் பட்டறை எல்.சி. எனும் வங்கிக் கடனுறுதிக் கடிதச் சிக்கலிலும் கன்டெய்னர் தட்டுப்பாட்டிலும் என்ன செய்தது என்று பதிவாகியிருந்தால், அதுவும் கோட்பாட்டுக்கு விதையாகத் தகுந்ததே.

திரை எல்லோருக்கும் திறக்கவில்லை என்ற குறையை மட்டும் மறுக்க முடியாது. கல்லூரி மாணவர் 9.69 லட்சம் பேருக்கு நாளொன்றுக்கு 2 ஜி.பி. இலவச இணையத் தரவு தருவதாகத் தமிழக அரசு அறிவித்தது 2021 ஜனவரியில். அதற்குள் பத்து மாதம் ஓடிவிட்டது. அந்தப் பத்து மாதத்தில் கைபேசித் தரவு தீர்ந்து வகுப்பைத் தவறவிட்ட மாணவருக்கு மயாமியும் இல்லை, அம்பத்தூரும் இல்லை.

இறுதியாண்டு இளங்கலை வகுப்புகள் 2020 டிசம்பர் 7 அன்றும் மற்றவை 2021 பிப்ரவரி 8 அன்றும் திறந்தன. மார்ச்சில் மறுபடி மூடப்பட்டன. எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயை ஆறு நாள் அடைத்துக்கொண்டு கிடந்ததும் அதே மாதம்தான். ஒரு படிப்பில் 40 விழுக்காடு வரை மத்திய அரசின் ஸ்வயம் தளத்து இணையப் பாடங்களாகப் படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு அப்போது இடமளித்தது. செப்டம்பர் 1 அன்று கல்லூரிகள் மீண்டும் திறந்தன. 2020-21-இல் ஏறத்தாழ 29,200 கோடி டாலராக இருந்த இந்தியச் சரக்கு ஏற்றுமதி அடுத்த ஆண்டில் 42,200 கோடியை எட்டியது. ஐ.ஐ.எஃப்.டி. தன் மூன்றாவது வளாகத்தை 2022 செப்டம்பரில் திறந்தது காக்கிநாடாவில், அரிசி மூட்டைகள் கப்பலேறும் துறைமுக நகரில்.