சமன் ரின்னுக்குள் சமன் இல்லை

செவ்வாய் மாலை ஆறு மணி. குரூருட்டில் தே-பானேயை விட்டு இறங்கினால் நவம்பர் இருட்டு. பசி வேறு. இப்படியான நாளுக்கு என்னிடம் ஒரு சட்டிச் சமையல் இருக்கிறது. வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை வதக்கி, இருநூறு கிராம் பாஸ்தாவும் அரை லீற்றருக்குக் கொஞ்சம் கூடத் தண்ணீரும் உப்பும் போட்டுக் கொதிக்க விடுங்கள். தண்ணீரை வடிக்க வேண்டாம். வற்ற வற்ற பாஸ்தாவின் மாப்பொருளே குழம்பைத் தடிப்பாக்கும். கடைசி நிமிடத்தில் ஒரு ரின் 'மக்ரெல் இ தொமாட்'. ரின்மீன் ஏற்கெனவே வெந்தது. மூடிய ரின்னுக்குள் நூறு பாகைக்கு மேல் சூடாக்கித்தான் கடைக்கு அனுப்புகிறார்கள். சூடு ஏறினால் போதும். கனக்கக் கிளறினால் கூழ்தான்.

அம்மா இதைச் 'சமன் பாஸ்தா' என்பார். "அம்மா, இது லக்ஸ் இல்லை, மக்ரெல்" என்று சின்ன வயதில் ஒவ்வொரு முறையும் திருத்துவேன். நோர்வேயில் பிறந்த பிள்ளைக்கு லக்ஸ் தெரியாதா! ஆனால் இலங்கையில் ரின்னில் வரும் மீன் எல்லாமே 'சமன்' தான். சால்மன் என்ற ஆங்கிலச் சொல் அப்படித் திரிந்தது. ரின்னைத் திறந்தால் பெரும்பாலும் இருப்பது மக்கரல்.

சிரிக்காதீர்கள். நோர்வேக்காரரும் இதையே செய்தவர்கள். 1873 இல் ஸ்டவாங்கரில் முதல் பெரிய ரின் தொழிற்சாலை தொடங்கியது. சில ஆண்டுகளில் பிரிஸ்லிங் என்ற சின்ன மீனைப் புகையூட்டி, எண்ணெயில் அடைத்து, 'சாடின்' என்று உலகம் முழுவதும் விற்றார்கள். 1902 இல் மன்னர் இரண்டாம் ஒஸ்காரின் பெயரையும் படத்தையும் போட அனுமதி வாங்கியது ஒரு நிறுவனம். கிங் ஒஸ்கார் ரின்னில் அவர் இன்னும் இருக்கிறார். சாடின் எங்கள் மீன், எங்கள் பெயர் என்று பிரெஞ்சுக்காரர் கொதித்தார்கள். வழக்கு நடந்தது. முதலாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தில் நோர்வே மீன் அந்தப் பெயரை இழந்தது. அமெரிக்காவில் இன்றுவரை சாடின்தான்.

1920களில் ஸ்டவாங்கரில் ஐம்பதுக்கும் மேற்பட்ட ரின் தொழிற்சாலைகள். அங்கே வேலை செய்தவர்களில் பெண்கள் நிறையப் பேர். பிள்ளைகள் ரின்னில் ஒட்டும் வண்ணத் தாள்களைச் சேர்த்து மாற்றி விளையாடினார்கள். அந்தத் தாளுக்கு அவர்கள் வைத்த பெயர் 'இட்டிஸ்'. எங்கள் போக்கிமொன் அட்டைக்கு மூத்த அண்ணன் என்று வையுங்களேன்.

இந்த மீன் கதைக்குள் நாங்களும் வருகிறோம். யாழ்ப்பாணம் குருநகரைச் சேர்ந்த அந்தோனி ராஜேந்திரம் 1956 இல் நோர்வேக்கு வந்தார். இங்கே மீன்பிடித் தொழில்நுட்பத்தைக் கற்று, பின்னர் ஊரில் சீ-நோர் என்ற மீன்பிடித் திட்டத்தைத் தொடங்கினார். 1980களில் போர் துரத்த, ஊரிலிருந்து வந்தவர்கள் பலர் வடக்கே பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் நின்றார்கள். நோர்வேக்காரர் விட்டுப்போன குளிர் வேலை அது. அதே காலத்தில் எங்கள் கடலில் மீன்பிடிக்கத் தடை. கரையோரத்துச் சனம் மீனுக்குத் தவித்தது.

என் அம்மாவும் அங்கே மீன் வெட்டியவர். ஒஸ்லோவுக்கு வந்த பிறகும் பனிக்காலத்தில் விரல் மடங்காது. அந்த விரலால்தான் காலையில் என் மாட்பாக்கேக்குள் மிளகாய் போட்டு வதக்கிய ரின்மீனை வைப்பார். வகுப்பில் "மணக்கிறது" என்றார்கள். பக்கத்து மேசையில் அதே ரின், அதே மீன், பாணில் தடவியபடி. அதற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் என்னுடையதைக் குப்பையில் போட்டேன், பல நாட்கள். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

இன்று அம்மா சாப்பிட வருகிறார். கறிவேப்பிலை கொஞ்சம் கூடவே போட்டிருக்கிறேன். "என்ன சமையல்?" என்று தொலைபேசியில் கேட்டார்.

"சமன் பாஸ்தா, அம்மா."