எழுத்தும் ஒலியும்: வாசிப்பு உதவிக் கருவிகளின் தமிழ் வரலாறு – பெங்களூரை முன்வைத்து

முன்னுரை

பெங்களூரின் தென்கிழக்கில் கோரமங்கலத்தை ஒட்டி அமைந்துள்ள பகுதி ஈஜிபுரா. தமிழ் பேசும் உழைப்பாளர் குடும்பங்கள் பல நெடுங்காலமாக வாழ்ந்துவரும் இடம் இது. இங்கு வளரும் தமிழ்க் குழந்தை வீட்டில் தமிழ் பேசுகிறது. பள்ளியில் கன்னட எழுத்தையும் ஆங்கில எழுத்தையும் கற்கிறது. வாய்ப்பு அமைந்தால் தமிழ் எழுத்தை மூன்றாவதாகப் பயில்கிறது. 2013 சனவரியில் இப்பகுதியின் நலிந்த பிரிவினர் குடியிருப்பு இடிக்கப்பட்டு, ஏறத்தாழ 1,500 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டபோது, கல்வியாண்டு முடியும் முன்னரே பிள்ளைகளின் படிப்பும் குலைந்தது. இத்தகைய சூழலில் ஒரு மாணவர் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறினால், அதற்குக் காரணம் டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடா, பழகாத மொழியா, இடைமுறிந்த பள்ளிப்படிப்பா எனப் பிரித்தறிவது எளிதன்று.

படிக்கவும் எழுதவும் இடர்ப்படுவோர்க்கான கருவிகள் தமிழில் எவ்வாறு வளர்ந்தன என்பதையும், அவ்வளர்ச்சி எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவைப் பற்றி எழுப்பும் வினாக்களையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிரெயில்: ஒலிவரிசைக்குத் திரும்பிய எழுத்து

பிரான்சு நாட்டின் லூயி பிரெயில் ஆறு புள்ளிகளால் அமைந்த தம் எழுத்து முறையை 1829இல் நூலாக வெளியிட்டார். தமிழகத்தில் ஆஸ்க்வித் அம்மையார் 1890இல் பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கினார். இந்திய மொழிகளுக்கெனப் பல்வேறு பிரெயில் முறைகள் வழங்கிவந்த நிலை மாறி, 1951இல் பாரதி பிரெயில் என்னும் பொதுமுறை ஏற்கப்பட்டது. அவ்வாண்டிலேயே டேராடூனில் மையப் பிரெயில் அச்சகமும் நிறுவப்பட்டது.

பாரதி பிரெயிலில் இரண்டு கூறுகள் கருதத்தக்கவை. ஒன்று, ஒத்த ஒலிக்கு எல்லா இந்திய மொழிகளிலும் ஒரே புள்ளிக்குறி வழங்குவது. தமிழ்க் ககரமும் கன்னடக் ககரமும் விரலுக்கு ஒன்றே. மற்றொன்று, குறிகளின் வரிசை ஒலியின் வரிசையைப் பின்பற்றுவது. அச்சுத் தமிழில் ‘கெ’ என்பதன் உயிர்க்குறி மெய்க்கு முன்னே நிற்கிறது. ஒலிப்பிலோ மெய்யே முந்துகிறது. ‘கொ’ என்பதில் உயிர்க்குறி இரண்டாகப் பிரிந்து மெய்யின் இருமருங்கும் அமைகிறது. பிரெயிலில் இச்சிக்கல் இல்லை. மெய்யை அடுத்து உயிர் வருகிறது. 1991இல் வெளிவந்த ஒருங்குறியும் தமிழை இவ்வொலிவரிசையிலேயே கணினியில் சேமிக்கிறது. கண்ணுக்காக அமைந்த வரிவடிவம் ஒலிவரிசையினின்று விலகும் இடங்கள் எவை என்பதைப் பார்வையற்றோர்க்கான எழுத்து முறை வெளிப்படுத்திவிட்டது எனலாம். எழுத்துகளின் வரிசையைப் பிடிப்பதில் தடுமாறும் குழந்தைக்கும் இவ்விடங்களே முதலில் கவனிக்கத்தக்கவை.

பெங்களூரில் பேசிய தமிழ்

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் சிலர் 1998 முதல் சிம்ப்யூட்டர் என்னும் கையடக்கக் கணினியை உருவாக்க முனைந்தனர். எழுத்தறியாதோரும் பயன்படுத்தத்தக்கதாக அது அமைய வேண்டும் என்பது அவர்தம் குறிக்கோள். எனவே இந்திய மொழிகளில் பேசும் திறன் அதற்குத் தேவையாயிற்று. அதற்கென இரமேஷ் ஹரிஹரன் தொடங்கிய ‘த்வனி’ என்னும் மென்பொருள் பின்னர்க் கட்டற்ற மென்பொருளாக வளர்ந்தது. 2004இல் விற்பனைக்கு வந்த சிம்ப்யூட்டர் சந்தையில் நிலைபெறவில்லை. ஆயினும், எழுத்தை ஒலியாக்கும் முயற்சிக்கு அது ஒரு தூண்டுகோலாக விளங்கியது.

அதே கழகத்தின் பேராசிரியர் ஆ. க. இராமகிருஷ்ணனும் அவர்தம் மாணவர்களும் ‘திருக்குறள்’ எனப் பெயரிட்ட தமிழ் உரை – ஒலி மாற்றியை 2001இல் கோலாலம்பூரில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டில் அறிமுகப்படுத்தினர். இத்தகைய கருவி எதிர்கொள்ளும் முதற்சிக்கல் இலக்கணம் சார்ந்தது. ‘பக்கம்’, ‘பங்கு’, ‘பகல்’ ஆகிய மூன்று சொற்களிலும் ககரம் ஒன்றே, ஒலிப்போ மூன்று. ‘பச்சை’, ‘பஞ்சு’, ‘பசி’ என்பவற்றில் சகரமும் அவ்வாறே வேறுபடுகிறது. எழுத்து நிற்கும் இடமும் அதனைச் சார்ந்த எழுத்தும் ஒலிப்பை முடிவு செய்கின்றன. மனிதர் பழக்கத்தால் அறிவதைக் கணினிக்கு விதியாகவோ தரவாகவோ கற்பிக்க வேண்டியுள்ளது. ‘காது’ என்பதற்கு அமைந்த விதி ‘காந்தி’ என்பதற்குப் பொருந்தாமையால் பிறமொழிச் சொற்களுக்குத் தனிப்பட்டியலும் வேண்டப்படுகிறது. எழுத்துகளின் பிறப்பிடத்தைத் தொல்காப்பியப் பிறப்பியல் ஆராய்ந்த மரபின் தொடர்ச்சி ஒன்று பொறியியல் ஆய்வகத்தில் நிகழ்ந்துள்ளமையை இங்குக் காணமுடிகிறது.

எழுத்துணரியும் பழைய அச்சும்

அச்சுநூலைக் கணினி படிக்க, படிமத்திலுள்ள எழுத்தை இனங்காணும் எழுத்துணரி வேண்டும். இந்திய அறிவியல் கழகத்தின் தமிழ் எழுத்துணரி பற்றிய ஆய்வுரை 2002இல் வெளிவந்தது. பின்னர் அங்கு உருவான ‘மொழி வல்லான்’ என்னும் எழுத்துணரியை வொர்த் அறக்கட்டளை அச்சுநூல்களைப் பிரெயிலாக்கப் பயன்படுத்தியது.

இங்கும் தமிழ் எழுத்து வரலாறு குறுக்கிடுகிறது. பெரியார் 1935இல் ‘குடி அரசு’ இதழில் கையாளத் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978இல் ஏற்றது. ணா, றா, னா, லை, ளை முதலிய 13 எழுத்துகளின் வடிவம் அதனால் மாறியது. எனவே, அதற்கு முந்தைய நூல்களைப் படிக்கும் கருவி இருவகை வடிவங்களையும் அறிந்திருக்க வேண்டும். கணினியில் தட்டச்சான நூல்களிலும் இடர்ப்பாடு இருந்தது. ஒவ்வோர் எழுத்துருவும் தனித்தனிக் குறியீட்டைக் கொண்டிருந்தமையால், ஒன்றில் அமைந்த உரையைப் பிறிதொரு கருவி பொருளற்ற எழுத்துக்கோவையாகவே கண்டது. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றமை இவ்வகையில் வாசிப்புரிமை சார்ந்த முடிவும் ஆகும்.

பார்வையுள்ளோரின் வாசிப்புத் தடை

மேற்கண்ட கருவிகளுள் பெரும்பாலானவை பார்வையற்றோரை மனத்திற்கொண்டு எழுந்தவை. பெங்களூரில் 1990இல் தோன்றிய மித்ர ஜோதியின் ஒலிநூல் பணியும், 1999இல் தோன்றிய எனேபிள் இந்தியா அளித்த கணினிப் பயிற்சியும் அவ்வழியே தொடங்கின. கண் தெளிவாக இருந்தும் எழுத்து வசப்படாதோர் நெடுங்காலம் கருதப்படவில்லை. ‘டிஸ்லெக்சியா’ என்னும் சொல்லை செருமானிய மருத்துவர் பெர்லின் 1887இல் வழங்கினார். 1896இல் இங்கிலாந்தின் பிரிங்கிள் மார்கன் பள்ளிச் சிறுவன் ஒருவனிடம் இந்நிலையை விவரித்தார். சென்னை டிஸ்லெக்சியா சங்கம் தோன்றியது 1991இல்தான்.

சட்டமும் தாமதமாகவே வந்தது. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் குறிப்பிட்ட ஏழு வகைகளுள் கற்றல் குறைபாடு இல்லை. 2016ஆம் ஆண்டின் சட்டம் குறிப்பிட்ட 21 வகைகளுள் அது இடம்பெற்றது. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் மாற்றுத்திறனாளிகள் அணுகத்தக்க வடிவில் நூல்களை மாற்ற இசைவளித்தது. பார்வையற்றோருடன் அச்சைப் படிக்க இயலாத பிறரையும் உள்ளடக்கிய மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் முதலாவதாக ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாவே.

மூன்று எழுத்து முறைகளுக்கு இடையில்

உரிமை கிடைத்தபின் எஞ்சுவது மொழிச் சிக்கல். கன்னடக் குழந்தைகளின் வாசிப்பைப் பற்றிப் பெங்களூரைச் சார்ந்த சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வு, அக்கரங்கள் அனைத்தும் வசப்பட ஆங்கில எழுத்துகளைவிட நெடுங்காலம் தேவைப்படுவதையும், அப்பயிற்சி நான்காம் வகுப்பு வரையிலும் நீள்வதையும் காட்டியது. ஆங்கில அளவுகோலால் இந்திய மொழி மாணவரைக் குறையுடையவராக முடிவுசெய்தல் தவறு என்பது இதனால் பெறப்படும். தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 2015இல் வெளியிட்ட ‘டாலி’ என்னும் டிஸ்லெக்சியா மதிப்பீட்டுக் கருவியின் முதற்கட்டத்தில் இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகியவை அமைந்தன, தமிழ் இடம்பெறவில்லை.

ஈஜிபுராக் குழந்தையின் நிலை இன்னும் சிக்கலானது. கன்னடத்தில் ககர வரிசைக்கு ஐந்து எழுத்துகள். தமிழில் க, ங என இரண்டே. ஒன்றில் ஒலிக்கேற்ற எழுத்தைத் தேர வேண்டும். மற்றொன்றில் எழுத்துக்கேற்ற ஒலியைத் தேர வேண்டும். ஆங்கிலம் மூன்றாவது நெறியைக் கொண்டது. மேலும், கருவி தமிழை உரக்கப் படித்தாலும் அது படிப்பது எழுத்துத் தமிழையே. ‘போய்க்கொண்டிருக்கிறான்’ என்று கருவி ஒலிக்கிறது. குழந்தை அறிந்ததோ ‘போயிட்டிருக்கான்’. தமிழ்ப் பள்ளியில் பயிலும் மாணவர் இவ்விடைவெளியை வகுப்பறையில் கடக்கிறார். தமிழைச் செவியால் மட்டும் அறிந்த பெங்களூர்க் குழந்தைக்கு அவ்வழியும் இல்லை. பார்வையற்ற தமிழ்ப் புலமையாளர்க்கு நிறைவளிக்கும் கருவி இக்குழந்தைக்குப் பாதியே உதவுகிறது.

முடிவுரை

தமிழில் வாசிப்பு உதவிக் கருவிகளின் வரலாறு எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவை மீண்டும் மீண்டும் ஆராய்ந்த வரலாறாகும். பிரெயில் வரிசையை நேர்செய்தது. உரை – ஒலி மாற்றி இடஞ்சார்ந்த ஒலிப்பை விதியாக்கியது. எழுத்துணரி வரிவடிவ மாற்றங்களைக் கணக்கிற்கொண்டது. பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள தொலைவைக் கடத்தல் அடுத்த படியாகும். வட்டாரப் பேச்சு வடிவங்களை எழுத்து வடிவங்களோடு இணைத்துக் காட்டும் அகராதி, தமிழ்க் குழந்தைகள் எழுத்துகளைக் கற்கும் வரிசை பற்றிய கள ஆய்வு, பிற மாநிலங்களில் வாழும் தமிழ்க் குழந்தைகளுக்கான மதிப்பீட்டு முறை ஆகியவை அதற்கு இன்றியமையாதவை. இவற்றைப் பொறியாளர்கள் தனித்துச் செய்தல் இயலாது. இவை ஒலியனியலும் இலக்கணமும் பயிற்றுவிக்கும் தமிழ்த்துறைகளின் கடமையாகும்.