சார்ட்டில் வலிக்கு இடம் கிடைத்த கதை

1978-இல் நர்சிங் முடித்து, மயிலாப்பூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் சார்ட்டில் காய்ச்சல், நாடி, மூச்சு, பி.பி. எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. வலிக்கு இல்லை. ‘வலி என்றார், ஊசி போடப்பட்டது’ என்று ராத்திரி ரிப்போர்ட்டில் ஒரு வரி விழும். ஊசிக்குப் பிறகு அடங்கியதா என்று கேட்டு எழுதும் வழக்கம் கிடையாது.

அதற்காக வலியைக் கணிக்கத் தெரியாதவர்கள் என்று எங்கள் சீனியர் சிஸ்டர்களைச் சொல்ல மாட்டேன். வார்டுக்குள் நுழைந்ததுமே நெற்றிச் சுருக்கம், இறுகிய கை, திரும்பிப் படுக்கப் பயப்படுவது எல்லாம் அவர்கள் கண்ணில் பட்டுவிடும். பிறகுதான் பேச்சு. ‘விண்விண்ணுன்னு தெறிக்குது’ என்றால் சீழ் கோத்திருக்கிறதா என்று கட்டைப் பிரிப்பார்கள். ‘திகுதிகுன்னு எரியுது, ஷாக் அடிக்குது’ என்றால் நரம்பு. ‘முறுக்கிப் பிழியுது’ என்றால் குடலோ கல்லோ. கனடாவின் உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக் நோயாளிகள் சொல்லும் இப்படிப்பட்ட வார்த்தைகளைத்தான் வகைபிரித்து, மதிப்பெண் போட்டு, 1975-இல் மெக்கில் வலி வினாப்பட்டியலாக வெளியிட்டார்.

அளந்து என்ன செய்வது? அதுதான் பெரிய கேள்வி. புற்றுநோயின் கடும் வலிக்குக் கைகண்ட மருந்து மார்ஃபின். வலி மருந்துகளைப் படிப்படியாக, மார்ஃபின் வரை, வாய்வழியே, மணிக்கணக்குத் தவறாமல் கொடுக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 1986-இல் வழிகாட்டியது. இங்கோ அதற்கு முந்தைய ஆண்டே போதைப்பொருள் சட்டம் வந்துவிட்டது. லைசென்ஸ், கணக்கு, ஜெயில் பயம். பல ஆஸ்பத்திரிகள் மார்ஃபின் வாங்குவதையே விட்டன. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு அனுமதியோடு மார்ஃபினின் மூலப்பொருளான அபின் விளைகிற நாட்டில், 1997-இல் மொத்த மார்ஃபின் பயன்பாடு சுமார் 18 கிலோ! சட்டம் திருந்தியது 2014-இல்.

வலி எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண் கேட்கும் முறை இதற்கிடையில் வந்து சேர்ந்தது. காய்ச்சல், நாடி, மூச்சு, பி.பி.க்கு அடுத்து வலியை ஐந்தாவது உயிர்க்குறி என்று 1990-களில் அமெரிக்காவில் முழங்கினார்கள். வலிமாத்திரைக்கு ஜனங்கள் அடிமையானதும், 2016-இல் அங்கத்திய மருத்துவர் சங்கமே அந்தப் பேச்சைக் கைவிடச் சொன்னது. நம் தனியார் ஆஸ்பத்திரிகளில் என்.ஏ.பி.எச். தரச்சான்று வாங்கக் கிளம்பிய பிறகுதான் வலிக் கட்டம் சார்ட்டில் நிலைத்தது.

மாட வீதி மாமி கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, ‘பரவாயில்லம்மா, ரெண்டுன்னு போட்டுக்கோ’ என்பார். பூ விற்கும் ஆயாவுக்குப் பிள்ளைப்பேற்றுக்குக் கீழே எதுவும் வலியே இல்லை. ரூபாய்க்குப் பதினாறு அணா என்று புழங்கிய பழைய ஆட்களிடம் நான் எண்ணைக் கேட்பதை விட்டுவிட்டு, ‘நேத்து பதினாறணா வலின்னா, இன்னிக்கு எத்தனை அணா மாமி?’ என்பேன். டக்கென்று பதில் வரும். சார்ட்டுக்கு நானே கணக்குப் போட்டுக்கொள்வேன்.

நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது யாராவது எண் கேட்டால், மரியாதைக்காகக் குறைத்துச் சொல்லாதீர்கள். படுத்திருந்தால் எவ்வளவு, இருமினால் எவ்வளவு, நடந்தால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லுங்கள். மருந்து கொடுத்து ஒரு மணி நேரமாகியும் யாரும் திரும்ப வந்து கேட்கவில்லையென்றால், பெல்லை அடித்து நர்ஸைக் கூப்பிடுங்கள்.