வாங்போ மரப்பாலமும் பெயர்ப்பதிவு இல்லா உழைப்பாளரும்

தாய்லாந்தின் காஞ்சனபுரியிலிருந்து நாம்தோக் செல்லும் இருப்புப்பாதை, தாம் கிரசே என்னுமிடத்தில் குவே நொய் ஆற்றங்கரையின் செங்குத்தான பாறையை ஒட்டி வளைகிறது. அங்குள்ள வாங்போ மரப்பாலம் ஆற்றைக் கடப்பதன்று; பாறைக்கும் நீருக்கும் இடையே மரத்தூண்களை அடுக்கி, அவற்றின்மீது தண்டவாளம் இடப்பட்ட நெடிய சாரம் எனலாம். தொடர்வண்டி இதன்மேல் ஊர்ந்தே செல்கிறது. பழுதுற்ற மரங்கள் காலப்போக்கில் மாற்றப்பட்டிருப்பினும் கட்டமைப்பு முறை பழையதே. 1957ஆம் ஆண்டுத் திரைப்படத்தால் புகழ்பெற்ற குவே ஆற்றுப் பாலத்தைக் காணவே பலரும் காஞ்சனபுரிக்கு வருகின்றனர். கையுழைப்பால் விரைந்து போடப்பட்ட அப்பாதையின் இயல்பை இம்மரப்பாலமே தெளிவாகக் காட்டுகிறது.

பர்மாவில் இருந்த தன் படைகளுக்குக் கடல்வழியாகப் பொருள் அனுப்புவது ஆபத்தாகிவிட்ட நிலையில், ஜப்பானிய இராணுவம் 1942இல் 415 கி.மீ. நீளமுள்ள இப்பாதையைத் தொடங்கியது. 1943 அக்டோபரில் இருமுனைகளும் இணைந்தன. வாங்போ பாலத்தை 1943ஆம் ஆண்டின் முற்பகுதியில் கட்டியவர் நேசநாட்டுப் போர்க்கைதிகள். இதனைத் தமிழர் கட்டியதாகக் கூறுதல் பொருந்தாது. பணி விரைவுபடுத்தப்பட்ட அதே ஆண்டில் மலாயாவிலிருந்து பெருந்தொகையாகக் கொண்டுவரப்பட்டோருள் தோட்டத் தமிழர் மிகப்பலர். முதலில் நல்ல கூலி தருவதாகச் சொல்லியும் பின்னர் வலிந்து பிடித்தும் அவர்கள் ஏற்றப்பட்டனர். மழைக்காலத்தில் பரவிய வாந்திபேதி அவர்களுடைய முகாம்களைச் சூறையாடியது. கைதிகளுள் இராணுவ மருத்துவர் இருந்தனர். தொழிலாளருக்கு அவ்வாய்ப்பு பெரிதும் இல்லை.

இவ்வேறுபாடு ஆவணங்களிலும் தொடர்கிறது. படைப்பிரிவுகள் பெயர்ப்பட்டியல் வைத்திருந்தமையால், இறந்த கைதிகள் ஏறத்தாழ 12,000 பேர் என்று கணக்கிட முடிந்தது. காஞ்சனபுரிப் போர்க்கல்லறையில் மட்டும் 7,000 பேருக்கு அருகில் அடக்கமாகியுள்ளனர். ஆசியத் தொழிலாளரின் இறப்போ மதிப்பீடாகவே நிற்கிறது. 90,000 என்பது பலரும் எடுத்தாளும் எண். அவருள் தமிழர் எத்தனை பேர் என்பதற்கு உறுதியான கணக்கு இல்லை. எனவே ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' ஆகிய மலேசியத் தமிழ் நாவல்களையும், தோட்டக் குடும்பங்களின் வாய்மொழி வழக்காறுகளையும் ஆய்வாளர் புறக்கணித்தல் இயலாது. புனைவுக்குரிய தளர்வை ஒதுக்கிப் பயன்படுத்த வேண்டும் என்பது உண்மையே. எனினும் அதே கண்டிப்பைக் கைதிகளின் நினைவுக்குறிப்புகளிடமும் காட்டுதல் முறை.

பாலம் எழுந்து எண்பது ஆண்டுகளுக்குப் பின், 2023இல், காஞ்சனபுரியில் ஒரு பௌத்த விகார வளாகத்தில் அத்தமிழர்க்கு நடுகல் நாட்டப்பட்டது.